பாலைவன ஆற்றைப் படிப்பது எப்படி: கீலா ஆற்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சாஃபோர்ட் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அதன் நடுவே கீலா ஆறு ஓடுகிறது. 1875இல் அங்கே ஆற்றின் சராசரி அகலம் 45 மீட்டருக்கும் குறைவு. 1903இல் 90 மீட்டருக்குள். 1917 வாக்கில் சுமார் 600 மீட்டர். 1964இல் மறுபடியும் சுருங்கி 60 மீட்டருக்கு உள்ளே வந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து 1968இல் அளந்தபோது 120 மீட்டர்.

இந்த எண்களை முதலில் பார்த்தபோது எங்கோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பர்க்கம், பழைய நில அளவைப் பதிவுகளையும் வரைபடங்களையும் விமானப் படங்களையும் சேர்த்து வைத்து 1846 முதல் 1970 வரை அந்த ஆற்றின் கதையை எழுதினார். அவருடைய அறிக்கை 1972இல் வந்தது. பாலைவன ஆறுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஓர் ஆற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், நான் கீலாவைத்தான் சொல்வேன். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் ஓர் ஆறு தன் கரைகளை அழித்து, திரும்பவும் கட்டி முடித்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு அதிகம் இல்லை.

"அப்படியென்றால் அந்த ஆற்றின் உண்மையான அகலம் எது?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பது இந்த வழிகாட்டியை முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் இரண்டு சொற்கள்

தண்ணீர் வழக்கமாக ஓடும் பள்ளத்தை, அதாவது செடி கொடி இல்லாத மணலும் கூழாங்கல்லுமாக இருக்கும் பகுதியை, இங்கே 'தடம்' என்று சொல்கிறேன். அதற்கு இருபக்கமும், தடத்தைவிட ஓரிரண்டு மீட்டர் உயரத்தில், வெள்ளம் வந்தால் மட்டும் முழுகும் வண்டல் நிலத்தைப் பள்ளிப் புத்தகங்கள் வெள்ளச் சமவெளி என்கின்றன. காவிரிக் கரையில் இருப்பவர்கள் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள வண்டல் நிலத்தைப் படுகை என்பார்கள். வாழைப் படுகை, கரும்புப் படுகை எல்லாம் அப்படி வந்தவைதான். அந்தச் சொல்லையே இங்கேயும் எடுத்துக்கொள்கிறேன். தடம், படுகை. இரண்டையும் தனித்தனிப் பொருளாக நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் தொடங்குகிறோம். அங்கேதான் தவறும் தொடங்குகிறது.

படி 1: இடத்தைப் பிடியுங்கள்

கணினியில் கூகுள் எர்த் திறந்து, 'சாஃபோர்ட், அரிசோனா' என்று தேடுங்கள். அட்சரேகை வடக்கு 32.8 பாகை, தீர்க்கரேகை மேற்கு 109.7 பாகை. ஊருக்குத் தென்மேற்கே 3,200 மீட்டரைத் தாண்டிய கிரகாம் மலை நிற்கும். வடக்கே கீலா மலைகள். இரண்டுக்கும் நடுவில் பச்சைப் பட்டை ஒன்று வடமேற்காக நீண்டு போகும். அதுதான் பருத்தி வயல்களோடு கூடிய பள்ளத்தாக்கு. பச்சைப் பட்டைக்கு வெளியே எல்லாம் பழுப்பு. அங்கே ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவு.

பட்டைக்குள் சற்று நெருங்கிப் போனால் வளைந்து வளைந்து செல்லும் வெளிர்நிறக் கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி, அதாவது கிழக்கே, போங்கள். சாலமன் என்ற சிற்றூரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு முடிந்து ஆறு ஒரு குறுகிய மலை இடுக்கிலிருந்து வெளியே வருவதைப் பார்க்கலாம். அந்த இடுக்குக்கு கீலா பாக்ஸ் என்று பெயர். இடுக்குக்குள் இருபக்கமும் பாறை. ஆறு நினைத்தாலும் அகல முடியாது. பள்ளத்தாக்குக்குள் வந்ததும் இருபக்கமும் அதுவே கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும்தான். பாறைக்குள் அடங்கிய ஆற்றையும் தன் மண்ணிலேயே ஓடும் ஆற்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இனிச் சொல்வதெல்லாம் இரண்டாவது வகைக்கு.

படி 2: மூன்று தளங்களைப் பிரியுங்கள்

ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதன் மேல் நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது பழைய மேட்டு நிலம். ஊரும் சாலையும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பல ஆயிரம் வருடத்துக்கு முன் ஆறு உயரத்தில் ஓடியபோது விட்டுப்போன தரை அது. இப்போதைய வெள்ளம் அங்கே ஏறாது. ஆனால் அடியில் அரித்து ஓரத்தைச் சரிக்கும்.

அடுத்து ஒரு சிறு இறக்கம். இறங்கினால் படுகை. இங்கே மரமும் புதரும், சில இடங்களில் வயலும் இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் தடம். கோடைக்காலத்தில் தடத்தின் அகலத்தில் சிறு பகுதியில் மட்டும் தண்ணீர் ஓடலாம். ஓடாமலும் இருக்கலாம். தண்ணீரின் அகலத்தைத் தடத்தின் அகலம் என்று எடுத்துக்கொள்வது புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்வது. அளக்க வேண்டியது வெறும் மணல் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை.

படி 3: எந்த வெள்ளம் என்று கேளுங்கள்

'வெள்ளம் வந்தது' என்று சொன்னால் போதாது. கீலாவுக்கு மூன்று விதமான வெள்ளம் வருகிறது. மூன்றும் ஆற்றுக்கு மூன்று விதமான வேலை செய்கின்றன.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பகுதிக்குப் பருவமழை உண்டு. பிற்பகலில் இடி மேகம் திரண்டு ஒரு சிறு பரப்பில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். மழை விழுவது பெரும்பாலும் தாழ்வான, வெறுமையான சரிவுகளில். பக்க ஓடைகள் சேற்றுக் குழம்பாக இறங்கிவரும். வெள்ளம் சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். தூக்கி வந்த மூட்டையைச் சுமக்க முடியாமல் அங்கேயே இறக்கிவிட்டுப் போகும் வெள்ளம் இது.

டிசம்பர் முதல் மார்ச் வரை பசிபிக் கடலிலிருந்து வரும் மழை வேறு. பெரிய பரப்பில், நாள்கணக்கில் பெய்யும். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மோகோயோன் மலைகளில் பனி கிடக்கும்போது அதன்மேல் மழை விழுந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். மலைக்காட்டிலிருந்து வரும் இந்தத் தண்ணீரில் அதன் பலத்துக்கு ஏற்ற அளவு மண் இருக்காது. ஏறக்குறைய வெறுங்கையோடு வருகிறது. நாள்கணக்கில் ஓடுகிறது. எடுத்துக்கொள்ள மண் எங்கே கிடைக்கும்? ஆற்றின் கரையில்தான்.

மூன்றாவது, அக்டோபர் வாக்கில் பசிபிக் புயலின் மிச்சம் உள்ளே வருவது. 1983 அக்டோபரில் ஆக்டேவ் புயலின் ஈரம் அப்படி வந்தது. சாஃபோர்ட் பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள நீரோட்ட அளவை நிலையில் உச்ச ஓட்டம் நொடிக்கு 1,32,000 கன அடி. அந்த நிலையின் நெடுங்காலச் சராசரி சுமார் 500 கன அடிதான். சராசரியைப் போல 250 மடங்குக்கு மேல் ஒரே நாளில் வந்து போயிருக்கிறது.

அதனால்தான் பாலைவன ஆற்றில் சராசரி ஓட்டம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மழை வளமுள்ள நாட்டு ஆறுகளில் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கரை தொட்டு ஓடும் வெள்ளமே தடத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்பார்கள். பெரிய வெள்ளம் ஒன்று வந்து கலைத்துவிட்டாலும் சில வருடத்தில் ஆறு பழைய அளவுக்கு வந்துவிடும். கீலா போன்ற ஆறு, கலைந்ததைச் சரிசெய்ய ஐம்பது வருடம் எடுத்துக்கொள்கிறது. சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த பெரிய வெள்ளம் வரலாம். ஆகவே இப்போது நீங்கள் பார்க்கும் தடம், கடைசியாக வந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வருடம் ஆயிற்று என்பதைத்தான் காட்டுகிறது.

படி 4: காணாமல் போகும் தண்ணீரைக் கணக்கில் சேருங்கள்

நம் ஊர் ஆறு கீழே போகப் போகப் பெருகும். பாலைவன ஆறு கீழே போகப் போக மெலியும். காய்ந்த மணல் தண்ணீரைக் குடித்துவிடும். அரிசோனாவிலேயே டூம்ஸ்டோன் ஊருக்கு அருகே வால்நட் கல்ச் என்ற சுமார் 150 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 1950களிலிருந்து அமெரிக்க வேளாண்மைத் துறை இதை அளந்து வருகிறது. மேலே பெரிதாகத் தொடங்கும் வெள்ளம் ஓடையின் மணலில் இறங்கி இறங்கி, கீழே வரும்போது பாதிகூட இல்லாமல் போவதும், சிறு வெள்ளம் வாய்க்கே வந்து சேராமல் நின்றுவிடுவதும் அங்கே சாதாரணம்.

தண்ணீர் மணலுக்குள் போகும்போது அது சுமந்து வந்த மண் எங்கே போகும்? அங்கேயே நிற்கும். வெள்ளம் வடிந்த இரண்டாம் நாள் தடத்தில் இறங்கிப் பார்த்தால் மணலின் மேல் விரற்கடை கனத்துக்குச் சேறு பூசினாற்போல் இருக்கும். ஒரு வாரத்தில் அது வெடித்து, துண்டு துண்டாகி, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். பொரித்த அப்பளம் போல. ஒன்றை எடுத்துத் திருப்பினால் அடிப்பக்கம் சொரசொரப்பு, மேல்பக்கம் வழவழப்பு. கனமான மணல் முதலில் இறங்கியது, மெல்லிய களி கடைசியாகத் தேங்கிய நீரில் இறங்கியது. ஒரு வெள்ளத்தின் தொடக்கமும் முடிவும் உங்கள் உள்ளங்கையில் இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான சுருள்கள் காற்றில் நொறுங்கி, அடுத்த வெள்ளத்தில் அடித்துப்போய், கொஞ்சம் மட்டும் மணலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு தங்குகிறது. படுகை கட்டத் தொடங்குவது அங்கிருந்துதான்.

படி 5: தடம் அகலும் காலத்தைப் பாருங்கள் (1905–1917)

1846இல் படையோடு கீலா வழியாகப் போன நில அளவைப் பொறியாளர் வில்லியம் எமரியின் காலத்திலிருந்து எழுத்துப் பதிவுகள் இருக்கின்றன. அப்போது ஆறு ஒடுக்கம். வளைந்து வளைந்து போனது. படுகையில் காட்டன்வுட், வில்லோ, மெஸ்கீட் மரங்கள். (மெஸ்கீட் என்பது நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இங்கே வந்து நம்மைப் படுத்தும் குடும்பம், அங்கே சொந்த மண்ணில் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றது.) 1870களில் குடியேறியவர்கள் இந்த அடங்கிய ஆற்றைப் பார்த்துத்தான் வாய்க்கால் வெட்டி, படுகையை உழுதார்கள்.

1905இல் குளிர்கால வெள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த வருடம் நவம்பர் இறுதியில் வந்த கீலா வெள்ளம் கொலராடோ ஆற்றில் இறங்கி, அந்த ஆறு கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்துகொண்டிருந்த உடைப்பை அடைக்கக் கட்டிக்கொண்டிருந்த அணையையும் அடித்துச் சென்றது. அந்த உடைப்பை 1907 வரை மூட முடியவில்லை. சால்டன் கடல் என்று இன்று சொல்லும் ஏரி அப்படி உருவானது. 1916 ஜனவரியிலும் பெருவெள்ளம். பன்னிரண்டு வருடத்தில் சாஃபோர்ட் பள்ளத்தாக்கில் படுகையின் பெரும்பகுதி இல்லாமல் போனது.

எப்படிப் போனது என்பதை மெதுவாகப் பார்க்க வேண்டும். படுகையின் மேல்பகுதி நுண்வண்டல், கொஞ்சம் ஒட்டும் தன்மை உண்டு, வேரும் பிடித்திருக்கும். அடிப்பகுதி வெறும் மணலும் கூழாங்கல்லும். வெள்ளம் மேலே மோதி உடைப்பதில்லை. அடியில் உள்ள மணலை உருவுகிறது. மேல்பகுதி திண்ணை போல நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு தன் எடை தாங்காமல் பாளம் பாளமாகப் பிளந்து விழும். நீர் வடியும்போது இன்னும் மோசம். ஊறிப்போன கரைக்கு எதிரே தாங்கிப்பிடித்த தண்ணீர் இறங்கிவிட்டதால் கரை தானாகச் சரியும். மரத்தின் வேர் ஒரு அளவு வரை தாங்கும். வேருக்குக் கீழே ஆறு இறங்கிவிட்டால் மரத்தோடு சேர்ந்து கரை விழும்.

வளைவுகள் வெட்டுப்பட்டு ஆறு நேரானது. நேரானால் நீளம் குறையும், சரிவு கூடும், வேகம் கூடும். கரை மேலும் அரியும். ஆனால் இது முடிவில்லாமல் போகாது. அகலம் கூடக் கூட ஆழம் குறைகிறது. அகன்ற மணல்வெளியில் பரவும் நீருக்கு இழுக்கும் பலம் குறைந்து, நடுவில் திட்டு திட்டாக மணலைப் போடத் தொடங்குகிறது. ஒரே தடம் பல இழைகளாகப் பிரிந்து, சேர்ந்து, சடை பின்னினாற்போல் ஆகிறது. 1917இல் கீலா இருந்த நிலை அது.

ஏன் அப்போது நடந்தது என்பதில் வாதம் உண்டு. 1880களில் அளவுக்கு மீறி மாடுகள் மேய்ந்தன, 1890களின் தொடக்கத்தில் பெரும் வறட்சி வந்தது, அதற்கும் முன்பு 1820களிலிருந்தே வேட்டைக்காரர்கள் ஓடைகளில் சிறு அணை கட்டும் விலங்குகளான பீவர்களைப் பிடித்தார்கள். மலைச்சரிவும் ஓடையும் பலவீனப்பட்டிருந்தன என்பது உண்மை. ஆனாலும், வறண்ட வருடங்களுக்குப் பிறகு நீண்டநேரம் ஓடிய குளிர்கால வெள்ளங்கள் அடுத்தடுத்து வராமல் இருந்திருந்தால் இந்த அழிவு இந்த அளவுக்கு நடந்திருக்காது என்பதே என் எண்ணம்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. சாஃபோர்ட் பள்ளத்தாக்கைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள கூலிட்ஜ் அணைக்குக் கீழே கீலாவின் நடுப்பகுதியில் 1983 வெள்ளத்தையும் 1993 ஜனவரி வெள்ளத்தையும் ஒப்பிட்டு கேரி ஹக்கிள்பெரி 1994இல் எழுதினார். 1983 வெள்ளம் தடத்தை அவ்வளவாக மாற்றவில்லை. 1993 வெள்ளம் நன்றாக அகட்டியது. பின்னது நீண்ட நாள் ஓடியது. உச்ச எண்ணை மட்டும் பார்த்து வெள்ளத்தை எடைபோடாதீர்கள். எத்தனை நாள் ஓடியது என்றும் பாருங்கள்.

படி 6: திரும்பக் கட்டுவதைப் பாருங்கள் (1918–1970)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அழிவு எல்லோர் கண்ணுக்கும் படும். கட்டுவது ஐம்பது வருடம் சத்தமில்லாமல் நடக்கும்.

அகன்ற மணல்வெளியில் வெள்ளம் வடிந்ததும் சில திட்டுகள் கொஞ்சம் உயரமாக நிற்கும். ஈரம் இருக்கும், நிழல் இருக்காது. காட்டன்வுட், வில்லோ விதைகளுக்கு வேண்டியது அதுவேதான். அவை வசந்த காலத்தில் பஞ்சோடு பறந்து வந்து ஈரமணலில் விழுகின்றன. சில வாரங்களே உயிரோடு இருக்கும். விழுந்த இடத்தில் ஈரம் இருந்தால் முளைக்கும். முளைத்ததும் மணலுக்குள் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நீர்மட்டத்தைத் துரத்திக்கொண்டு வேர் இறங்க வேண்டும். நீர் வேகமாக இறங்கிவிட்டால் நாற்று கருகிவிடும். மெதுவாக இறங்கினால் பிழைக்கும். அதனால்தான் ஒரே வயதுடைய மரங்கள் ஆற்றோரம் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு வரிசையும் ஏதோ ஒரு நல்ல வருடம்.

இந்த முறை இன்னொரு செடியும் போட்டிக்கு வந்தது. டாமரிஸ்க். பார்க்கச் சவுக்கு போல ஊசி இலையோடு, இளஞ்சிவப்புப் பூவோடு இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகவும் கரை காக்கவும் பழைய உலகிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. காட்டன்வுட் வசந்தத்தில் மட்டும் விதை போடும். டாமரிஸ்க் கோடை முழுக்கப் போடும். ஆகவே கோடை வெள்ளம் விட்டுப்போகும் ஈரமணலும் அதற்கு நாற்றங்கால். உப்பையும் தாங்கும். 1905–17 வெள்ளங்கள் பள்ளத்தாக்கையே வெறும் மணலாக்கி அதற்குப் பாய் விரித்து வைத்திருந்தன.

செடி நின்றதும் வேலை வேகமெடுக்கிறது. அடுத்த கோடை வெள்ளம் சேற்றோடு வரும். புதருக்குள் புகுந்ததும் வேகம் தடைப்பட்டு மண்ணை இறக்கும். திட்டு உயரும். உயர்ந்தால் அடிக்கடி முழுகாது, செடி இன்னும் தைரியமாக வளரும். திட்டுகளுக்கு நடுவே இருந்த சிறு இழைகள் தூர்ந்து, திட்டோடு திட்டு சேர்ந்து, கரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு தடம் மட்டும் மிஞ்சும். அது மறுபடியும் வளையத் தொடங்கும். 1964இல் 60 மீட்டருக்குள் வந்தது இப்படித்தான்.

இப்போது கரையின் ஒரு வெட்டுமுகத்துக்கு முன்னால் உட்காருங்கள். உட்கார முடியாவிட்டால் மனக்கண்ணில். அடியில் கூழாங்கற்கள். தட்டைக் கற்கள் ஓடு வேய்ந்தது போல, ஒவ்வொன்றும் நீர் போகும் பக்கமாகச் சாய்ந்து முன்னால் உள்ள கல்லின் மேல் தலை வைத்திருக்கும். பழைய தடத்தின் தரை அது. எந்தத் திசையில் ஓடியது என்றும் கற்களே சொல்லிவிடுகின்றன. அதற்கு மேல் சாய்வான கோடுகளோடு மணல்: நகர்ந்துகொண்டிருந்த திட்டு. அதற்கு மேல் வெளிர்மணலும் பழுப்பு வண்டலும் மாறி மாறி, ஒவ்வொரு சோடியும் ஒரு வெள்ளம். மேலே போகப் போகப் படிவு மெலிந்து, வேர் கூடும். உச்சியில் புல்.

அந்தக் கரையில் ஒரு டாமரிஸ்க் இருந்தால் அதன் அடியைக் கவனியுங்கள். தரையில் முளைத்தது போலத் தெரியும். மணலை விலக்கினால் தண்டு கீழே கீழே போகும், ஒன்று இரண்டு மீட்டர்கூட. உண்மையில் முளைத்த இடம் அங்கே அடியில். ஒவ்வொரு முறை புதைந்தபோதும் அது மேலே தலைநீட்டிப் புது வேர் விட்டிருக்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டி வளையங்களை எண்ணினால், எந்த வருடம் எவ்வளவு மண் விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்கலாம். ஆய்வாளர்கள் மேற்கு அமெரிக்க ஆறுகளில் இதைச் செய்கிறார்கள்.

படுகை என்பது தடம் ஓய்வெடுக்கும் காலத்தில் எழுந்து நிற்கும் அதே மணல்தான். தடம் என்பது படுகை இறங்கி நடக்கும் காலம். முன்னே சொன்ன கேள்விக்கு ஏன் பதில் இல்லை என்று இப்போது பிடிபட்டிருக்கும்.

படி 7: பக்க ஓடைகளை விடாதீர்கள்

திரும்பக் கட்ட அவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? சான் சைமன் என்ற உபநதியைப் பாருங்கள். தெற்கிலிருந்து வந்து சாலமன் அருகே கீலாவில் சேர்கிறது. ஒரு காலத்தில் அது புல் நிறைந்த அகன்ற தாழ்நிலம். பெரிதாகச் சொல்லும்படி தடமே கிடையாது. 1880களில் வெள்ளம் வயலில் பரவாமல் இருக்க, வாய்ப்பகுதியில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். பரவி நின்ற நீர் ஒரே பள்ளத்தில் குவிந்தது. பள்ளத்தின் தலையில் படிக்கட்டு போல ஒரு செங்குத்து வெட்டு உண்டாகி, ஒவ்வொரு வெள்ளத்திலும் மேல்நோக்கி நகர்ந்தது. இன்று அந்தப் பள்ளம் சுமார் 100 கிலோமீட்டர் நீளம். அங்கிருந்து கிளம்பிய மண்ணின் ஒரு பங்கு கீலாவின் புதிய படுகையாயிற்று.

படத்தில் ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்களைப் பாருங்கள். விசிறி போல மண் பரப்பி, ஆற்றை எதிர்க்கரைக்குத் தள்ளியிருக்கும். ஆறு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று தேடும்போது எதிரே ஒரு ஓடைவாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 8: மனிதர் கை வைத்த இடங்கள்

பள்ளத்தாக்குக்குக் கீழே கூலிட்ஜ் அணை. 1928இல் கட்டி முடித்து 1930இல் திறந்தார்கள். தேக்கத்தின் தலைப்பில் ஆறு மண்ணை இறக்கி ஒரு சமவெளியையே உண்டாக்கியிருக்கிறது, அது முழுக்க டாமரிஸ்க். இன்னும் கீழே, ஃபுளாரன்ஸ் அருகே 1922இல் கட்டிய ஆஷர்ஸ்ட்-ஹேடன் தடுப்பணை, ஓடும் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகிறது. அதற்குக் கீழே வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல்.

அந்தக் கீழ்ப்பகுதியில் வாழும் அகிமெல் ஓ'ஓதம் மக்களின் பெயருக்கே 'ஆற்று மக்கள்' என்று பொருள். தலைமுறை தலைமுறையாகக் கீலாவில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டதும் அவர்கள் வயல் காய்ந்தது, பட்டினி வந்தது. அவர்களுடைய நீர் உரிமைக்குச் சட்டப்படி தீர்வு வர 2004 ஆயிற்று. தடத்தின் வடிவத்தைப் பேசும்போது இதை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரே வராத தடமும் மாறிய தடம்தான்.

சாஃபோர்டில் நடந்தது வேறு. 1918க்குப் பிந்தைய அமைதியில் படுகை திரும்ப வந்ததும் வயல்களும் அதன்மேல் இறங்கின. மண்கரை போட்டுக்கொண்டார்கள். 1970களின் கடைசியிலிருந்து பெரிய வெள்ளங்கள் மறுபடி வரத் தொடங்கியபோது ஆறு தன் பழைய அகலத்தைத் தேடி அந்த வயல்களுக்குள்தான் போனது.

படி 9: நீங்களே அளந்து பாருங்கள்

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1930களிலிருந்து எடுத்த பழைய விமானப் படங்களையும் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய தேதிப் படங்களைப் பார்க்கும் வசதியும் உண்டு.

சாஃபோர்டுக்கு மேலும் கீழுமாக 10 கிலோமீட்டர் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கமும் முடிவும் மாறாத அடையாளமாக இருக்கட்டும். பாலம், பாறை, சாலைச் சந்திப்பு எதுவும் சரி. ஒவ்வொரு தேதிப் படத்திலும் செடியில்லாத மணலைச் சுற்றிக் கோடு வரைந்து பரப்பளவை எடுங்கள். பரப்பைத் தடத்தின் நடுக்கோட்டு நீளத்தால் வகுத்தால் சராசரி அகலம் கிடைக்கும். ஓரிடத்தில் மட்டும் குறுக்கே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு வளைவில் 40 மீட்டர் இருக்கும், அடுத்ததில் 200 இருக்கும். அப்புறம் தடத்தின் நடுக்கோட்டு நீளத்தைப் பள்ளத்தாக்கின் நேர்நீளத்தால் வகுங்கள். 1க்கு அருகே வந்தால் ஆறு அண்மையில் அடிவாங்கியிருக்கிறது. கூடிக்கொண்டே போனால் ஆறு அடங்கிக்கொண்டிருக்கிறது.

1980களிலிருந்து வரும் லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். 60 மீட்டர் தடத்தை அதில் அளந்தால் இரண்டு புள்ளிதான் வரும். பெரிய மாற்றங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். முடிந்தவரை ஜூன் மாதப் படங்களாகவே எடுங்கள், பருவமழைக்கு முந்தைய வறண்ட நேரம் அது. செடி இலையோடு இருக்கும், நீர் குறைவாக இருக்கும், எல்லை தெளிவாகத் தெரியும்.

அளந்த அகலங்களை வருடவாரியாக ஒரு தாளில் குறித்து, அதற்குக் கீழே அளவை நிலையின் ஆண்டு உச்ச ஓட்டங்களைக் குறியுங்கள். நிலையின் எண் 09448500. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் அகலம் படி ஏறுவது போலச் சட்டென்று ஏறி, சறுக்குமரம் போல மெதுவாக இறங்கும் வடிவம் தெரியும்.

வேறு பாலைவனத்துக்குப் போகும்போது

கீலாவில் கற்றதை அப்படியே எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்திரேலியாவின் கூப்பர் க்ரீக் இதற்கு நேர்மாறு. குயின்ஸ்லாந்தின் தென்மேற்கில் அதன் வெள்ளச் சமவெளி பல பத்து கிலோமீட்டர் அகலம். சரிவு மிகக் குறைவு. கரைகள் ஒட்டும் களிமண். ஆறு கரையை உடைத்து அகலாமல், பல தடங்களாகப் பிரிந்து நிலையாக நிற்கிறது. நடுநடுவே வறட்சியிலும் வற்றாத ஆழமான மடுக்கள். அங்கே களிமண் காய்ந்து மணல் அளவு உருண்டைகளாகி, வெள்ளத்தில் மணலைப் போலவே உருண்டு போகிறது. சேறாகக் கரைந்து போயிருக்க வேண்டிய மண், மணல் திட்டு போலத் திட்டு கட்டுகிறது.

ஆகவே புதிய ஆறு எதற்குப் போனாலும் கரையில் ஒரு பிடி மண்ணை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். கயிறு போல நீண்டால் களி. உதிர்ந்தால் மணல். உதிரும் கரை என்றால் கடைசிப் பெரிய வெள்ளம் எப்போது வந்தது என்று அங்கே இருக்கும் வயதானவர்களிடம் விசாரியுங்கள். மரக்கிளைகளில் எவ்வளவு உயரத்தில் பழைய வெள்ளத்தின் குச்சியும் சருகும் சிக்கி நிற்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். அதற்குப் பிறகு அளவுநாடாவை எடுக்கலாம்.